ஒரு கோடி ரூபா கார்: காசு எங்கே போகிறது?

ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தியின் மகன் ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வெள்ளை நிற ரொயோட்டா ரைஸ். யப்பானில் ஏதோ ஒரு ஏலத் தரிப்பிடத்தில் மழையில் நனைந்தபடி நிற்கிறது. பின்னாலேயே ஒரு குரல் பதிவு வந்தது.

"அண்ணா, அப்பாவுக்கு இதை எடுத்துக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன். இன்னும் மூண்டு வருசம் ஆகேல்லை. அங்கை கொண்டுவந்து இறக்க எவ்வளவு முடியும்? குடுக்கிற காசுக்குப் பெறுமதியோ?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு முடியும் என்பதைக் கடதாசியும் பேனையும் எடுத்தால் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடலாம். பெறுமதியா என்பதற்குப் பதில் சொல்ல எனக்குக் கிட்டத்தட்ட மூன்று கிழமை எடுத்தது. 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி தனிப்பட்ட பாவனைக்கான வாகன இறக்குமதி திரும்பத் திறக்கப்பட்ட நாளிலிருந்து இதே கேள்வியோடு வடக்கில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் இங்கே. ஆகவே நான் அவனுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் விலை. வாகனத்தின் விலை, கப்பல் கட்டணம், காப்புறுதி மூன்றும் சேர்ந்ததைத்தான் சுங்கத்தில் சிஐஎப் பெறுமதி என்கிறார்கள். பேச்சுக்கு, கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோ வந்து இறங்கும்போது ஒரு சிறிய காரின் சிஐஎப் 45 இலட்சம் ரூபா என்று வைப்போம். ஏறத்தாழ 15,000 டொலர். இறக்குமதி திறக்கப்பட்டபோது வந்த அறிவிப்புப்படி சுங்கத் தீர்வை 20 வீதம், அதாவது 9 இலட்சம். அந்தத் தீர்வையின் மேல் 50 வீத மேலதிகக் கட்டணம், 4.5 இலட்சம். பிறகு உற்பத்தி வரி. இது காரின் விலையைப் பார்ப்பதில்லை, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்க்கிறது. ஒரு சிசிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆயிரம் சிசிக்குக் குறைந்த காருக்கு 25 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் வற் வரி, 18 வீதம். வற் வெறுமனே சிஐஎப்பின் மேல் வருவதில்லை. சிஐஎப்போடு அதன் பத்து வீதத்தையும் கூட்டி, மேலே சொன்ன தீர்வைகள் எல்லாவற்றையும் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல் வருகிறது. வரிக்கு மேல் வரி. எங்கள் கணக்கில் அந்த மொத்தம் 88 இலட்சம், வற் 15 இலட்சத்து 84 ஆயிரம்.

எல்லாம் கூட்டினால் 99 இலட்சத்துச் சொச்சம். இதில் ஏற்றுமதியாளருக்கும் கப்பலுக்கும் போனது 45 இலட்சம், அரசாங்கத்துக்குப் போனது 54 இலட்சம். முகவரின் இலாபம், துறைமுகச் செலவு, வங்கிக் கட்டணம், பதிவு, அங்கிருந்து யாழ்ப்பாணம் கொண்டுவரும் செலவு எல்லாம் இதற்கு வெளியே.

தம்பி அதற்கு எழுதிய பதில்: "டொலர் முந்நூறு ஆனதாலதானே அண்ணா இவ்வளவு?"

இல்லை. இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். 2020 தொடக்கத்தில் டொலர் 182 ரூபா அளவில் நின்றது, 2025 இல் 300. டொலருக்கு எதிராக ரூபா பலமாக விழுந்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் யப்பானின் யென்னும் டொலருக்கு எதிராக விழுந்தது. ஒரு யென்னுக்கு 2020 இல் நாங்கள் ஏறத்தாழ 1 ரூபா 70 சதம் கொடுத்தோம், 2025 இல் 2 ரூபா அளவில். யென்னில் விலை போடப்படும் கார் நாணய மாற்றத்தால் மாத்திரம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மீதி உயர்வில் யப்பானில் கார்களின் விலை கூடியதும் இருக்கிறது. ஆனால் பெரிய பங்கு எங்கள் வர்த்தமானியில் இருக்கிறது. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது வற் 8 வீதம். இன்றைக்கு 18.

உற்பத்தி வரி சிசி கணக்கில் இருப்பதால் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. 1000, 1300, 1500 என்று படிகள் வைத்திருக்கிறார்கள். படி தாண்டினால் தாண்டிய சிசிக்கு மாத்திரமல்ல, முழு இயந்திரத்துக்கும் கூடிய வீதம். ரைஸின் இயந்திரம் 996 சிசி. ஹொண்டா வெசல் 1496. யப்பானிலும் வருடாந்த வாகன வரி 1000, 1500 என்ற எல்லைகளில் மாறுவதால் அங்கே இயந்திரங்கள் அந்த எல்லைகளுக்குச் சற்றுக் கீழே செய்யப்படுகின்றன. நாங்கள் அதில் பயன் பெறுகிறோம். இங்கிலாந்திலிருந்து வந்த 999 சிசி அவுடி கார்கள் கொழும்பு வீதிகளில் இவ்வளவு ஓடுவதற்கும் இதுதான் காரணம். உற்பத்தி வரியைப் பொறுத்தவரை அந்த அவுடியும் ரைஸும் ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளைகள்.

அதற்காக விலையுயர்ந்த காரை அரசாங்கம் சும்மா விட்டுவிடவில்லை. ஆடம்பர வரி என்று ஒன்று இருக்கிறது. பெற்றோல் காரின் சிஐஎப் 50 இலட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 100 வீதம். டீசலுக்கு 120 வீதம். பெற்றோல் ஹைபிரிட்டுக்கு எல்லை 55 இலட்சம், வீதம் 80. மின்சாரக் காருக்கு 60 இலட்சம், 60 வீதம். அதாவது 60 இலட்சம் சிஐஎப் உள்ள ஒரு பெற்றோல் கார் மற்ற எல்லா வரியோடும் இன்னும் 10 இலட்சம் கட்டும். ஐரோப்பியப் பெயருக்காக நீங்கள் கூடக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் திறைசேரிக்கு இன்னொரு ரூபா. கௌரவத்துக்கு விலை இருக்கிறது, அது இரண்டு மடங்காக இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கனடாவிலோ பிரான்ஸிலோ ஜேர்மனியிலோ ஓடிய சொந்தக் காரை ஊருக்குக் கொண்டுவர முடியாது. இடப்பக்கச் சுக்கான் உள்ள கார்களை இங்கே பதிவுசெய்ய விடமாட்டார்கள். இலண்டனில் இருப்பவர்களுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் கார் உற்பத்தியாகி மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது. மூன்று வருடத்துக்குள் உள்ள இலண்டன் காரை அங்கேயே விற்றுவிட்டு வருவதுதான் புத்தி.

சரி, ஒரு கோடி ரூபா. அதற்குப் பெறுமதி இருக்கிறதா?

எங்கள் ஆட்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "காரை வாங்கிவிட்டால் காசு எங்கேயும் போகாது." ஒரு காலத்தில் இது உண்மையாகத்தான் இருந்தது. 2015 அளவில் வாங்கிய வகன்ஆர் காரை ஐந்தாறு வருடம் ஓடிவிட்டு, வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்றவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். உலகத்தில் வேறு எங்கும் கார் ஓட ஓட விலை இறங்கும். இங்கே ஏறியது. காரணம், இறக்குமதி ஐந்து வருடம் பூட்டிக் கிடந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ஐத் தொட்டது. வங்கியில் இருந்த காசு கரைந்துகொண்டிருந்தபோது முற்றத்தில் நின்ற கார் கரையவில்லை. அதைப் பார்த்த ஒரு தலைமுறை காரைச் சங்கிலியையும் காப்பையும் போல ஒரு சேமிப்பாக நினைக்கத் தொடங்கிவிட்டது.

அந்த நினைப்போடு இன்றைக்கு ஒரு கோடி போடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் நீங்கள் வாங்கும் காரில் பாதிக்கு மேல் வரி. அந்த வரி இருக்கும்வரைதான் உங்கள் பழைய காருக்கும் அந்த விலை நிற்கும். நாளைக்கு ஓர் அரசாங்கம் உற்பத்தி வரியைக் குறைத்தால், புதுக் கார் 80 இலட்சத்துக்கு வந்தால், உங்கள் காரை 80 இலட்சத்துக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். இப்படி முன்பு நடந்திருக்கிறது. 2015 ஜனவரியில் வந்த இடைக்கால வரவுசெலவுத் திட்டம் சிறிய கார்களின் வரியைக் குறைத்தது. அதற்கு முதல் மாதம் வாங்கியவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மறுபக்கமும் உண்டு. 2018 செப்டெம்பரில் மத்திய வங்கி, ஆயிரம் சிசிக்குக் குறைந்த கார்களுக்கு நாணயக் கடிதம், எல்லோரும் எல்.சி. என்று சொல்வது, திறப்பதென்றால் முழுத் தொகையையும் முற்பணமாக வைக்க வேண்டும் என்று விதித்தது. டொலர் கையிருப்பு மெலியும் ஒவ்வொரு முறையும் இந்த நாடு முதலில் கை வைப்பது வாகனத்தில்தான். அப்படி நடந்தால் உங்கள் காரின் விலை ஏறும். ஆகவே இது சேமிப்பு அல்ல, அடுத்த வர்த்தமானி எந்தப் பக்கம் போகும் என்பதன் மேல் கட்டும் பந்தயம். பந்தயம் கட்ட விருப்பமுள்ளவர் கட்டலாம். ஆனால் பந்தயம் என்று தெரிந்து கட்ட வேண்டும்.

லீசிங்கில் எடுப்பவருக்கு இது இன்னும் கூர்மையானது. 60 இலட்சத்தை 13 வீத வட்டிக்கு ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் 136,500 ரூபா அளவில் வரும். முடிவில் கட்டியிருப்பது 82 இலட்சம். வட்டி மாத்திரம் 22 இலட்சம். கனடாவிலிருந்து அண்ணன் மாதாமாதம் அனுப்புவார் என்று நம்பி இந்தக் கையெழுத்தை வைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அங்கே வேலை போனால் இங்கே காரை சீஸ் பண்ணிக்கொண்டு போவார்கள். நாவற்குழிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். காரை எடுத்துக்கொண்டு போனதைவிட, ஒழுங்கை முழுக்க நின்று பார்த்ததுதான் அந்தத் தாய்க்குப் பெரிய வலி.

ஹைபிரிட் எடுத்தால் பெற்றோல் மிச்சம் என்கிறார்கள். அதையும் கணக்குப் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், பெற்றோல் கார் லீற்றருக்கு 15, ஹைபிரிட் 22 என்று வைத்துக்கொண்டால், மாதம் 21 லீற்றர் மிச்சம். லீற்றர் 300 ரூபாவுக்கு வருடத்தில் 76,000 ரூபா. ஹைபிரிட்டுக்காக 20 இலட்சம் கூடக் கொடுத்திருந்தால் அந்தக் காசு திரும்பி வர 26 வருடம் வேண்டும். சித்தப்பாவுக்கு இப்போது 71. வாடகைக்கு ஓடுபவர், மாதம் நாலாயிரம் கிலோமீற்றர் போகிறவர் என்றால் கணக்கு வேறு. வீட்டில் நிற்கும் காருக்கு ஹைபிரிட்டால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. 2022 ஜூனில் ஒக்டேன் 92 பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனதையும், கியூஆர் அட்டையோடு கிழமைக்கு 20 லீற்றருக்கு வரிசையில் நின்றதையும் மறக்காதவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அந்த நினைவுக்கு ஒரு பெறுமதி இருக்கிறது, மறுக்கவில்லை.

பழுது பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் உறவினர் ஒருவரின் ஹைபிரிட் கார் இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து வரும்போது முறிகண்டியில் நின்றுவிட்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லோரும் இறங்கினார்கள், திரும்ப ஏறியபோது கார் அசையவில்லை. கிளிநொச்சியில் ஒரு கராஜ் பார்த்தது, யாழ்ப்பாணத்தில் ஒன்று பார்த்தது, இரண்டும் பற்றரி என்றன. பற்றரியும் மாற்றியாயிற்று. கடைசியில் கொழும்பில் கணினி பூட்டிப் பார்த்தவர் சொன்னார், பற்றரியில் ஒன்றும் இல்லை, கியர் பெட்டியில்தான் கோளாறு என்று. அநியாயமாக நாலு இலட்சத்துக்கு மேல் போனது. இப்போது யாழ்ப்பாணத்தில் ஹைபிரிட் தெரிந்த பொடியன்கள் கூடிவிட்டார்கள், அது நல்லது. ஆனால் ஊரில் யாரிடமும் இல்லாத ஒரு காரை வாங்கினால் நோய் வரும்போது வைத்தியர் கொழும்பில்தான் இருப்பார். ஐரோப்பியக் கார்களுக்கு இது இன்னும் பொருந்தும். மின்சாரக் காருக்குக் கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள் ஆசைப்படுவது நியாயம். ஆனால் அவற்றின் உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாற்றைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. அந்தக் கிலோவாற் எவ்வளவு என்பதிலேயே 2025 இல் சுங்கத்துக்கும் இறக்குமதியாளருக்கும் பிணக்கு வந்து நீதிமன்றம் வரை போனது. தனியாள் ஒருவர் அதில் மாட்டினால் தாங்க முடியாது.

இனிச் சித்தப்பாவின் பக்கம். அளவெட்டியில் வீடு. மாதம் இரண்டு தடவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக், வெள்ளிக்கிழமை கோயில், இடைக்கிடை கலியாண வீடு, செத்த வீடு. மாதம் பத்துப் பயணம், ஒவ்வொன்றும் போய்வர 30 கிலோமீற்றர், கிலோமீற்றருக்கு 100 ரூபா வாடகை என்று வைத்தாலும் 30,000 ரூபா. அதே ஒரு கோடியை 8 வீதத்துக்கு நிலையான வைப்பில் போட்டால் வருடம் 8 இலட்சம். அதில் 10 வீத நிறுத்திவைத்தல் வரி போக மாதம் 60,000 கையில் வரும். வாடகை ஓட்டிவிட்டுப் பாதி மிச்சம். வைப்பில் இருக்கும் காசைப் பணவீக்கம் தின்னும் என்பது சரி, காரையும் வருடங்கள் தின்னும். அதோடு சித்தப்பாவுக்குக் கண்ணில் வெண்படலம் வெட்டிய பிறகு இரவில் ஓட்ட முடியாது. சாரதி ஒருவரை வைத்தால் அந்தச் சம்பளமும் சேரும்.

இதை நான் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அண்ணா, இரவு ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு நோகுது எண்டு வையுங்கோ. நான் இங்கை. அம்மா ஓட்டோக்காரனுக்குப் போன் அடிச்சுக்கொண்டு நிப்பா. வாசலில ஒரு கார் நிண்டால் எனக்கு நித்திரை வரும்."

இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் காரில் பாதிக்குமேல் வரி என்று எழுதினேன். மீதிப் பாதியிலும் கொஞ்சம் இந்த நித்திரைக்காகக் கொடுப்பதுதான் போல. 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், 2018 இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, இரவு இரண்டு மணிக்கு 71 வயதுக்காரர் சுக்கான் பிடிப்பதைவிட அது பாதுகாப்பு என்று சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. அவன் ஊரை விட்டுப் போனபோது அந்தச் சேவை இருக்கவில்லை.

பிறகு சித்தப்பாவிடமே போய்க் கேட்டேன். அதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. வேலி ஓரம் கதிரை போட்டு இருந்தவர் சிரித்தார். "ஜீப்பு மாதிரிப் பெரிய சாமான் எண்டால் எங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பாது தம்பி. சின்னதெண்டால், எனக்கு அந்தப் பழைய மொரிஸ் மைனர் போல ஒண்டு காணும். ஆனால் அவன் வாங்கித் தாறன் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதை. அவனுக்கு மனம் நோகும்."

கடைசியில் நாங்கள் வந்த இடம் இதுதான். புதிதாக இறக்குவது இல்லை. இங்கேயே ஏற்கெனவே வரி கட்டி ஓடிக்கொண்டிருக்கும், ஆயிரம் சிசிக்குக் குறைந்த, ஊர் கராஜ்களுக்குக் கைபழகிய ஒரு பழைய பெற்றோல் கார், முழுக் காசு கொடுத்து, லீசிங் இல்லாமல். பகலில் ஓட்டச் சித்தப்பா, இரவில் தேவையென்றால் பக்கத்து வீட்டுப் பொடியன். மிச்சக் காசு வைப்பில். வரி குறைந்தாலும் அதில் இழப்பது சிறிய தொகைதான்.

தம்பி ஒத்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். போன ஞாயிறு இன்னொரு ஏலத் தாள் அனுப்பியிருக்கிறான். இந்த முறை ஹைபிரிட், விலை ஆச்சரியமாகக் குறைவு. முழுக்க யப்பானிய எழுத்து. யப்பானிய ஏலத் தாளில் காரின் தரத்தை 4, 4.5 என்று மூலையில் ஓர் எண்ணால் போடுவார்கள், விபத்தில் அடிபட்டுத் திருத்தியதென்றால் எண்ணுக்குப் பதில் ஆங்கில ஆர் எழுத்து இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆர் என்றுதான் இருந்தது. சட்டக இலக்கத்தையும் அனுப்பு, ஏல நிலையத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.